காவிரி டெல்டாவில் ஆற்றங்கரையோரம் சைக்கிள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தஞ்சாவூரில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையில் இருந்தவரை பள்ளிக்குச் சைக்கிளில்தான் போய் வந்தேன். ஓய்வுக்குப் பிறகு அந்தச் சைக்கிளைச் சும்மா நிறுத்திவைக்க மனம் வரவில்லை. வாரத்தில் இரண்டு நாள் ஏதாவது ஓர் ஆற்றின் கரையைப் பிடித்துக்கொண்டு போகத் தொடங்கினேன். பழைய மாணவர்கள், உறவினர்கள், வழியில் டீக்கடையில் பார்த்தவர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

டீச்சர், டெல்டாவில் சைக்கிளில் சுற்ற அப்படி என்ன இருக்கிறது? வயலும் வாய்க்காலும்தானே?

ஆமாம், வயலும் வாய்க்காலும்தான். அதற்காகத்தான் போகிறேன். கல்லணையில் காவிரி நான்காகப் பிரிகிறது: கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய். கொள்ளிடம் வெள்ளத்தை வெளியேற்றுகிறது. மற்ற மூன்றும் பாசனத்துக்கு. அந்த மூன்றும் ஊருக்கு ஊர் பிரிந்து ஆறாகி, கிளை ஆறாகி, வாய்க்காலாகி, கடைசியில் ஒரு மடை வழியாக ஒருவருடைய வயலுக்குள் போய்ச் சேர்கின்றன.

ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு கரைகள் உண்டு. தண்ணீரைத் திறந்துவிடும் லஸ்கர் நடக்கவும், உடைப்பைப் பார்க்கவும், வண்டியில் நாற்று கொண்டுபோகவும் அந்தக் கரைகளில் வழி விட்டிருக்கிறார்கள். யாரும் சைக்கிள் பயணத்துக்கென்று போட்ட வழி அது இல்லை. ஆனாலும் நிதானமாகச் சைக்கிள் ஓட்ட விரும்புகிறவருக்கு அதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கரையிலிருந்து நாலடி பள்ளத்தில் வயல், தலைக்கு மேல் புங்கமோ நாவலோ தூங்குமூஞ்சியோ.

மேடே இருக்காதா? எனக்கு முழங்கால் வலி.

தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ 80 கி.மீ. கிழக்கே நாகப்பட்டினம், கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம்கூட இல்லை. அந்தச் சரிவு தண்ணீருக்குத்தான் தெரியும், காலுக்குத் தெரியாது.

ஏற்றம் என்று வந்தால் பாலத்தில் ஏறும்போதும், வயல் பாதையிலிருந்து கரைக்கு ஏறும்போதும்தான். அங்கே இறங்கித் தள்ளுங்கள், நானும் தள்ளுகிறேன். முழங்கால் வலிக்கு முக்கியமான வைத்தியம் சீட்டின் உயரம். பெரும்பாலானோர் சீட்டை மிகத் தாழ்வாக வைத்திருப்பார்கள். மிதி கீழே வரும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டும். அதைச் சரிசெய்த பிறகும் வலித்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

வண்டியே வராத வழி என்று உண்மையில் உண்டா, இல்லை பேச்சுக்குச் சொல்கிறீர்களா?

முழுக்க வண்டியே வராத வழி இங்கே இல்லை. சைக்கிளுக்கென்று தனியாக வேலி போட்டுப் பிரித்த பாதை கிடையாது. கரையில் மொபெட்டும் பைக்கும் வரும், பருவத்தில் டிராக்டர் வரும். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு வண்டிகள் வருவதற்கும், தஞ்சை-கும்பகோணம் சாலையில் பஸ்ஸின் ஹாரனுக்கு ஒதுங்கிக்கொண்டே போவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்கு நான் வைத்திருக்கும் வழி எதிர்க்கரை. பெரும்பாலான ஆறுகளில் ஒரு கரையில் தார்ச்சாலை, பஸ், கடை எல்லாம் இருக்கும். பாலத்தைக் கடந்து மறுகரைக்குப் போனால் மண்ணோ சரளையோ போட்ட ஒற்றையடி அகலப் பாதை, எருமை, அமைதி. தூரம் அதேதான், சேரும் ஊரும் அதேதான். புதிதாக வருகிறவர்களிடம் முதலில் நான் சொல்வது இதைத்தான்: ஊரைப் பார்த்துப் போகாதீர்கள், தண்ணீரைப் பார்த்துப் போங்கள், சாலை எந்தக் கரையில் இருக்கிறதோ அதை விட்டுவிடுங்கள்.

கியர் சைக்கிள் வாங்க வேண்டுமா அக்கா? எவ்வளவு செலவாகும்?

வாங்க வேண்டாம். மேடு இல்லாத நாட்டில் கியருக்கு அதிக வேலை இல்லை. எதிர்காற்றில் மட்டும் கொஞ்சம் உதவும். நான் ஓட்டுவது கியர் இல்லாத லேடீஸ் சைக்கிள். அரசுப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் விலையில்லா சைக்கிள் பல வீடுகளில் திண்ணையில் சாய்ந்து கிடக்கிறது. பிள்ளை கல்லூரிக்குப் போனதும் அதைத் தொட ஆள் இல்லை. இரண்டு டயர், இரண்டு டியூப், பிரேக் கட்டை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டால் அது கடல் வரை போகும்.

வாங்கியே தீருவேன் என்றால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். டயர் மெலிதாக இருக்கக் கூடாது. ரேஸ் சைக்கிளின் மெல்லிய டயர் சரளையில் வழுக்கும், மணலில் புதையும். பின்னால் கேரியரும், மட்கார்டும், மணியும் இல்லாத சைக்கிள் இந்தப் பயணத்துக்குப் பாதிச் சைக்கிள்தான். மணி மிக முக்கியம்: கரையில் முன்னால் நடந்து போகிறவருக்கு நீங்கள் வருவதே கேட்காது.

எனக்கு 61 வயது. ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் போக முடியும்?

முதல் நாள் 15, பழகிய பிறகு 30 முதல் 40. கரையில் மணிக்கு 10 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்குள், நின்று பார்த்து டீ குடித்தும்கூட, 25 கி.மீ. முடிந்துவிடும். பிறகு நிழலில் ஓய்வு. நாலு மணிக்கு மீண்டும் கிளம்பி இருட்டுவதற்குள் மீதி.

தூரத்தை வைத்துப் பெருமை பேசும் நண்பர்களோடு போகாதீர்கள். மடையில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தால் நிற்க வேண்டும். அதைக் கடந்து போகிறவருக்குப் பஸ்ஸே போதும்.

எந்த மாதம் நல்லது?

இதற்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் தவறான மாதத்தில் வந்துவிட்டு ஏமாந்து போகிறார்கள். டெல்டாவின் நாட்காட்டியைத் தண்ணீர்தான் எழுதுகிறது. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கே பூவும் நெல்லும் தூவித் திறப்பார்கள். அணையில் நீர் இருப்பைப் பொறுத்து தேதி மாறும்: 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே கிளம்பும் முன் செய்தித்தாளைப் பாருங்கள்.

ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை ஆற்றில் புதுத்தண்ணீர் ஓடும், குறுவை என்னும் குறுகிய கால நெல்லின் நடவும் வளர்ச்சியும் நடக்கும். வெயில் உண்டு, காற்று அதைவிட உண்டு. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை வடகிழக்குப் பருவமழை. அந்த நாட்களில் கரைப்பக்கம் போகாதீர்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை என்னைக் கேட்டால் பொற்காலம். மார்கழியில் சம்பாப் பயிர் கதிர் வாங்கி நிற்கும், காலையில் பனி இறங்கும், பறவைகள் வந்திருக்கும். தையில் அறுவடை. அறுவடைக்கு முன்பே ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் மாசியில் அறுத்த நெல்லின் தாள்களுக்கு நடுவே பச்சையாக எழுந்து நிற்கும். ஏப்ரல், மே வேண்டாம். கத்திரி வெயிலில் காலை எட்டு மணிக்கே கரை சுடும்.

எதிர்காற்று தாங்க முடியவில்லை. திரும்பி வந்துவிட்டேன். நான் என்ன தவறு செய்தேன்?

எந்த மாதம், எந்தத் திசையில் போனீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் மேல்காற்று திருச்சியைத் தாண்டி டெல்டாவின் மேல் வீசுகிறது. அந்த மாதங்களில் மேற்கிலிருந்து கிழக்கே போனால், அதாவது கல்லணையிலிருந்து திருவையாறு நோக்கியோ, தஞ்சையிலிருந்து நீடாமங்கலம் நோக்கியோ போனால், காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். தண்ணீரும் நீங்களும் ஒரே திசையில் போவீர்கள். நீடாமங்கலத்திலிருந்து நீங்கள் திரும்பி வர ரயில் இருக்கிறது; சைக்கிளை ரயிலில் ஏற்றுவது பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மார்கழி, தை மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வரும், ஆனால் அது மென்மையானது. காலையில் பெரும்பாலும் காற்றே இருக்காது. அப்போது எந்தத் திசையிலும் போகலாம்.

முதல் பயணத்துக்கு ஒரே ஒரு வழி சொல்லுங்கள் டீச்சர்.

கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு. ஏறத்தாழ 35 கி.மீ. காவிரிக் கரையை ஒட்டியே போகலாம், வழி தவறுவதற்கு இடமே இல்லை. முந்தைய கேள்வியில் சொன்ன ஆடிக்காற்று உங்கள் பின்னால் இருக்கும். வழியெல்லாம் வாழைத் தோட்டமும் மூங்கில் கொத்தும். திருக்காட்டுப்பள்ளி அருகே குடமுருட்டி பிரிகிறது. தலைப்பில், அதாவது ஆறு பிரியும் இடத்தில் ஷட்டர் வைத்துக் கட்டிய அணையில், சற்று நின்று தண்ணீர் இரண்டாகப் பிரிவதைப் பாருங்கள். திருவையாற்றில் படித்துறையில் காலை நனைத்துவிட்டு, இலையில் சூடாக அசோகா அல்வா சாப்பிட்டுவிட்டுப் பயணத்தை முடித்துக்கொள்ளலாம்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு: இந்தக் கரையில் தார்ச்சாலை இருக்கிறது, பஸ்ஸும் வரும். முதல் பயணத்துக்கு வழி தெரிவதும் கடைகள் இருப்பதும் முக்கியம் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். முழு அமைதி வேண்டும் என்பவர்கள் இரண்டாவது பயணமாகத் தஞ்சையிலிருந்து வடவாற்றோடு வடுவூர் ஏரிக்குப் போங்கள். ஏறத்தாழ 25 கி.மீ. வடவாறு கரந்தை வழியாக வந்து அந்த ஏரிக்கு நீர் கொடுக்கிறது. வடுவூர் 1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2022-இல் ராம்சார் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நாரை, அரிவாள் மூக்கன், வாத்து வகைகள் எல்லாம் வந்து நிறைந்திருக்கும்.

கைப்பேசி வரைபடத்தை நம்பிப் போனேன், பாதை வயலில் போய் முடிந்துவிட்டது. எப்படி வழி கண்டுபிடிப்பது?

எல்லோருக்கும் முதலில் இதுதான் நடக்கும். வரைபடத்துக்கு எல்லாக் கரையும் ஒன்றுதான். நாம்தான் ஆறு, பாசன வாய்க்கால், வடிகால் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பாசனத் தண்ணீர் வயலுக்குள் தானாக இறங்க வேண்டும் என்பதால் ஆறும் பாசன வாய்க்காலும் நிலத்தின் மேட்டுப்பகுதியில் ஓடும். அதன் கரை இன்னும் உயரம். காய்ந்திருக்கும், நாலாபக்கமும் தெரியும். வயலிலிருந்து மிஞ்சிய தண்ணீரை வாங்கும் வடிகால் பள்ளத்தில் ஓடும். அதன் கரையில் புதரும் சேறும்தான். நீங்கள் போகும் கரை வயலைவிடத் தாழ்ந்துகொண்டே வந்தால் வடிகாலில் மாட்டிக்கொண்டீர்கள் என்று பொருள், திரும்பிவிடுங்கள்.

அதேபோல வாய்க்கால் ஒவ்வொரு மதகிலும் சிறுத்துக்கொண்டே போகும். ஒரே தாண்டில் தாண்டிவிடலாம் என்கிற அகலத்துக்கு வந்துவிட்டால், அடுத்த அரை கிலோமீட்டரில் அது ஒரு வயலில் முடியும். நீண்ட தூரம் போக வேண்டுமானால் பெயருள்ள ஆற்றை விடாதீர்கள். குழம்பினால் தண்ணீர் ஓடும் திசையைப் பாருங்கள், பொதுவாக அது கிழக்கு நோக்கியோ தென்கிழக்கு நோக்கியோதான் இருக்கும்.

இன்னொன்று, ஊர்க்காரர்களிடம் கேட்கும் முறை. "இந்த ஊருக்கு எப்படிப் போவது?" என்று கேட்டால் உங்களைப் பஸ் சாலைக்கு அனுப்பிவிடுவார்கள், நல்ல எண்ணத்தில்தான். "இந்தக் கரையிலேயே போனால் அடுத்த பாலம் எங்கே வரும், அதுவரை சைக்கிள் போகுமா?" என்று கேளுங்கள். சரியான பதில் வரும்.

கரையில் போக யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

ஆறுகளின் கரைகள் நீர்வளத்துறையின் பொறுப்பில் இருக்கின்றன. ஊர்மக்கள் எல்லோரும் அவற்றில் புழங்குகிறார்கள்; சைக்கிளில் போகிற என்னை இதுவரை யாரும் தடுத்ததில்லை. ஷட்டர் இயக்கும் மேடையில் ஏறாதீர்கள், பூட்டிய கேட்டைச் சுற்றிப் போகாதீர்கள், வேலை நடக்கும் இடத்தில் மறுகரைக்கு மாறிவிடுங்கள்.

பஞ்சர் ஆனால் நடுவழியில் என்ன செய்வது?

கரையில் நெருஞ்சியும் கருவேல முள்ளும் இருக்கும், பஞ்சர் ஆகத்தான் செய்யும். சாதாரண சைக்கிள் என்றால் கவலை குறைவு. ஏதாவது ஒரு டீக்கடைப் பக்கத்தில் பஞ்சர் ஒட்டுகிறவர் இருப்பார், இல்லையென்றால் யார் வீட்டிலாவது பம்பு இருக்கும். வால்டியூப், அதாவது காற்றடிக்கும் வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் குழாய், இரண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாதி நேரம் பஞ்சர் என்று நினைப்பது வால்டியூப் தேய்ந்து காற்று இறங்கியதாகத்தான் இருக்கும்.

விலை உயர்ந்த சைக்கிளில் வருகிறவர்களுக்குத்தான் சிரமம். சிலவற்றில் இருக்கும் மெல்லிய வால்வுக்கு ஊர்ப் பம்பு பொருந்தாது. அவர்கள் பம்பு, மாற்று டியூப், டயர் கழற்றும் நெம்புகோல் எல்லாம் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். முள்ளைக் கண்டால் உடனே பிடுங்காதீர்கள். காற்று பிடித்துக்கொண்டு இருந்தால் அடுத்த ஊர் வரை அப்படியே ஓட்டலாம்.

சாப்பாடு, தண்ணீர்?

டீயும் வடையும் ஊருக்கு ஊர் கிடைக்கும். மதியச் சாப்பாடு மட்டும் கொஞ்சம் பெரிய ஊர்களில்தான் கிடைக்கும், அதனால் நான் புளியோதரை கட்டிக்கொண்டு போவேன். குடிநீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் கட்டாயம். ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் குடிக்காதீர்கள், அதில் வயலின் மருந்தும் ஊரின் கழிவும் கலந்திருக்கின்றன.

அத்தை, சேலையில் ஓட்ட முடியுமா?

முடியும், நான் முப்பது ஆண்டுகள் ஓட்டினேன். பின்சக்கரத்தில் வலை கட்டியிருக்க வேண்டும், செயினுக்கு முழுக் கவர் வேண்டும், முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். இப்போது நீண்ட பயணத்துக்குச் சுடிதார்தான் அணிகிறேன். துப்பட்டாவை வீட்டிலேயே வைத்துவிட்டு, தலைக்கு ஒரு பருத்தித் துண்டு.

பெண்கள் தனியாகப் போகலாமா? உண்மையைச் சொல்லுங்கள்.

காலையில் தனியாகப் போகிறேன். நடவு, களை எடுப்பு நாட்களில் வயல் முழுக்கப் பெண்கள்தான். கரையில் போகிறவளைப் பார்த்து "யாரம்மா நீ, எந்த ஊர்?" என்று கேட்பார்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள். அந்தக் கேள்விதான் உங்களுக்குக் காவல்: உங்களைப் பார்த்தவர்கள் வழியெங்கும் இருக்கிறார்கள் என்று ஆகிவிடுகிறது.

மாலை வேறு. ஐந்தரைக்கு மேல் பாலத்தடியிலும் ஒதுக்குப்புறமான மரத்தடியிலும் குடிக்க உட்காருகிறவர்கள் உண்டு. ஒருமுறை அப்படி ஒரு கூட்டத்தைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் அந்த நூறு அடியில் என் கை நடுங்கியது. அதன் பிறகு மாலைப் பயணத்துக்குத் துணையோடு மட்டும் போகிறேன். நாலு மணிக்கு மேல் எதிர்க்கரை விதியைத் தலைகீழாக மாற்றிவிடுவேன்: சாலை இருக்கும் கரைக்கு வந்துவிடுவேன். தங்கும் விடுதியிலோ வீட்டிலோ எந்த ஆற்றோடு போகிறீர்கள், எந்தப் பாலத்தில் ஏறுவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

நாய், பாம்பு?

நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள், அதற்காகத்தான் அது துரத்துகிறது. இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்து போங்கள். ஐம்பது அடியில் அதன் எல்லை முடிந்துவிடும். பாம்பு வெயில் காயக் கரைக்கு வரும், மணி அடித்தால் அதற்குக் கேட்காது. நின்று, அது போகும் வரை காத்திருங்கள். புல் மண்டிய கரையில் செருப்போடு இறங்கி நடக்காதீர்கள், மூடிய காலணி வேண்டும்.

ஆற்றில் இறங்கிக் குளிக்கலாமா? பிள்ளைகளும் வருகிறார்கள்.

ஊர்மக்கள் குளிக்கும் படித்துறையில், அவர்கள் குளித்துக்கொண்டிருக்கும்போது, அவர்களிடம் கேட்டுவிட்டு இறங்கலாம். மற்ற இடத்தில் வேண்டவே வேண்டாம். தலைப்புக்குக் கீழே தண்ணீர் விழுந்து குடைந்த பள்ளம் இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. மதகுக்கு அருகே தண்ணீர் உள்ளே இழுக்கும்.

கல்லணைக் கால்வாயில் இன்னும் கவனம் வேண்டும். 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வெட்டப்பட்டதால் இங்கே அதைப் புது ஆறு என்றே சொல்வோம். ஏறத்தாழ 150 கி.மீ. நீளம், தஞ்சைப் பெரிய கோவிலை ஒட்டியே ஓடுகிறது. நீரோட்டம் வேகமானது, அண்மை ஆண்டுகளில் பல இடங்களில் கான்கிரீட் தளமும் சரிவும் போட்டிருக்கிறார்கள். பாசி பிடித்த அந்தச் சரிவில் கால் வழுக்கினால் பிடித்து ஏற ஒரு வேர்கூட இல்லை. நீச்சல் தெரிந்த பெரியவர்களே அதில் உயிரை விட்டிருக்கிறார்கள். தண்ணீர் ஓடும் காலத்தில் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை அந்தக் கரையில் தனிச் சைக்கிளில் விடாதீர்கள். அவர்களுக்கு அகலமான மண்கரையுள்ள சிறிய ஆறுகள் போதும். அங்கும் தண்ணீர்ப் பக்கம் நீங்கள், வயல் பக்கம் பிள்ளை.

மழை விட்டு ஒரு நாள் ஆகிவிட்டது. கரையில் போகலாமா?

சரளைக் கரை என்றால் போகலாம். மண்கரை என்றால் நல்ல வெயில் மூன்று நாள் அடிக்கட்டும். இதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு கார்த்திகை மாதம், மேலே காய்ந்தது போலத் தெரிந்த கரையில் ஏறினேன். நூறு அடிக்குள் களிமண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றவே மறுத்துவிட்டது. குச்சியால் குத்திக் குத்தி எடுத்தேன். பத்தடியில் மறுபடி அடைத்தது. கடைசியில் நாற்றங்கால் பக்கம் நின்ற ஒரு பெரியவர் வந்து, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தார்ச்சாலை வரை கொண்டுவந்து வைத்தார். நான் பணம் எடுத்ததும் கோபித்துக்கொண்டார்.

வண்டல் மண்ணின் குணம் அது. நெல்லுக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கும் அதே களி உங்கள் சக்கரத்தையும் பிடித்துக்கொள்கிறது.

அறுவடை நேரத்தில் சாலை முழுக்க நெல் காய்கிறது. மேலே ஓட்டிப் போகலாமா? கார்கள் போகின்றனவே.

போகாதீர்கள். இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். ஈரப்பதம் கூடுதலாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள், களமும் போதாது. அதனால்தான் சாலையில் கொட்டிக் காயவைக்கிறார்கள். அது அந்தக் குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு. இன்னொருவர் ஏறிப் போனார் என்பது நாமும் ஏற ஒரு காரணமாகாது. தள்ளிக்கொண்டு போனால் அங்கே உட்கார்ந்து நெல்லைக் கிண்டும் பாட்டி உங்களோடு பேசுவார். எந்த ரகம், எத்தனை மூட்டை என்று கேளுங்கள்.

அதே காலத்தில் கரையில் அறுவடை இயந்திரங்களும், கேஜ் வீல் என்னும் இரும்புச் சக்கரம் மாட்டிய டிராக்டர்களும் வரும். அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், கரை அவர்களுடைய வேலைக்களம். வரப்பில் இறங்கிப் படம் எடுப்பதற்கும் இதே பதில்தான்: கேட்டுவிட்டு இறங்குங்கள், நடவு முடிந்த வயலின் வரப்பில் நிற்காதீர்கள், அது உடையும்.

ரயிலில் சைக்கிளைக் கொண்டுவர முடியுமா?

பார்சலாகப் பதிவு செய்து அனுப்பலாம். ஆனால் சரக்குப் பெட்டி இருக்கும் ரயிலாகவும், பார்சல் அலுவலகம் இருக்கும் நிலையமாகவும் இருக்க வேண்டும். நீங்கள் வரும் ரயிலிலேயே அது வரும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. மடித்துப் பைக்குள் வைக்கும் சிறிய சைக்கிள் உங்கள் பெட்டியிலேயே வந்துவிடும். என்னைக் கேட்டால், சைக்கிள் பற்றிய கேள்வியில் சொன்னேனே, அந்தத் திண்ணைச் சைக்கிளை உறவினர் வீட்டில் கேட்டு வாங்கி, சரிபார்த்து ஓட்டுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது அது முன்பைவிட நல்ல நிலையில் இருக்கும்.

ஒரு நாள் பயணம் போதவில்லை. மூன்று நாள் போக வேண்டும்.

அப்படியானால் ஒரே தண்ணீரைக் கடல் வரை தொடருங்கள். தஞ்சைக்கு அருகே தென்பெரம்பூரில் வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு பிரிகின்றன. அங்கிருந்து வெண்ணாற்றோடு முதல் நாள் நீடாமங்கலம். அதன் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மறுபடி மூன்றாகும். இரண்டாம் நாள் பாமணியாற்றோடு மன்னார்குடி. தூரம் குறைவு, மதியம் ராஜகோபாலசுவாமி கோவிலும் ஹரித்ராநதித் தெப்பக்குளமும் பார்த்து அங்கேயே தங்கலாம். மூன்றாம் நாள் தெற்கே முத்துப்பேட்டை. பாமணியாறும் கோரையாறும் அங்கே அலையாத்திக் காடுகளுக்கு நடுவே காயலில் கலக்கின்றன.

மூன்றாம் நாள் நிழல் குறைவு என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் இந்தப் பக்கம்தான் கரையேறியது. தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. மறுபடி நட்ட கன்றுகள் வளர்ந்துவிட்டன, ஆனாலும் பழைய மரங்கள் தந்த நிழல் எல்லா இடத்திலும் இன்னும் திரும்பவில்லை. தொப்பி, கூடுதலாக ஒரு லிட்டர் தண்ணீர், விடியும் முன் புறப்பாடு.

மார்ச் மாதம்தான் எனக்கு விடுமுறை. தண்ணீரே இல்லாத ஆற்றங்கரையில் போய் என்ன பார்ப்பது?

எந்த மாதம் என்ற கேள்விக்குச் சொன்ன பதிலில் ஏப்ரல், மேயைத்தான் விலக்கினேன், மார்ச்சை விலக்கவில்லை. அணை மூடிய பிறகு ஆறு மணலாகக் கிடக்கும், அது உண்மை. முதல் முறை பார்க்கும்போது மனம் கனக்கும். ஆனால் அப்போதுதான் தலைப்புகளின் அடித்தளமும், மதகின் கல்வேலையும், தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் ஓடியிருக்கிறது என்ற கோடும் கண்ணுக்குத் தெரியும்.

வயல் சும்மா இருப்பதில்லை. உளுந்துக்காய் முற்றிக்கொண்டிருக்கும், சில ஊர்களில் பருத்தி. அறுத்த வயல்களில் ஆயிரக்கணக்கில் வாத்துகளை மேய்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் வருவார்கள். தெற்கேயிருந்து கீதாரிகள் என்னும் ஆட்டு மேய்ப்பர்கள் ஆடுகளை ஓட்டிவந்து, இரவில் வயலில் அடைத்துக் கிடை போடுவார்கள். காலை ஆறு மணிக்குக் கரையில் போனால் கிடையைக் கலைத்து ஓட்டும் நேரம். பட்டி திறந்ததும் ஆடுகள் கரையேறி உங்கள் சைக்கிளைச் சுற்றிக்கொண்டு போகும். இறங்கி, ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, கடைசிக் குட்டி தாண்டும் வரை அப்படியே நில்லுங்கள்.